பாயிண்ட்டுக்காரர்

பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலை நடக்குமிடமெல்லாம், அது விழுப்புரத்தில் கிழக்கு பாண்டி ரோட்டை ஒட்டிய சந்தாயினும் திண்டிவனத்தில் கிடங்கல் பக்கத்துத் தெருவாயினும், சிமெண்ட் மூட்டையின்மேல் செய்தித்தாளை விரித்து அமர்ந்திருக்கும் ஒரு மனித வகையைக் காணலாம்; ஆய்வு வசதி கருதி இவரைப் பாயிண்ட்டுக்காரர் எனலாம். ரயில்வேயிலோ பள்ளியிலோ பணியாற்றி ஓய்வுபெற்றவராகிய இவர், மரச்சட்டத்தில் தகரக் கிளிப் அடித்து வயரை ஓட்டிய பழைய ரீப்பர் வயரிங்கைக் கழற்றி எறிந்துவிட்டு, சுவருக்குள் பிவிசி குழாய் புதைத்து அதனுள் வயர் இழுக்கும் கன்சீல்டு வயரிங்குக்கு மாறுவதே குடும்ப கௌரவத்துக்கு உகந்தது என முடிவு செய்தவர்.

பாயிண்ட் என்பது விளக்கு, ஃபேன், பிளக் ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் உரிய மின்முனையைக் குறிக்கும். கூலியும் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் பேசப்படுகிறது. கூலி பேசும் நாளில் துறவியின் தேவைகளையே முன்வைக்கும் இவர், பூச்சு வேலை முடிந்து சுவர் காயத் தொடங்கியதும், சாமி படத்துச் சீரியல் விளக்குக்கு ஒன்று, பேரன் என்றைக்கோ வாங்கவிருக்கும் மின்சார ஸ்கூட்டருக்கு ஒன்று என வரிசையாகக் கண்டுபிடிப்பார். "ஒரு ஜாண் வெட்டுதானே தம்பி, இதையெல்லாம் கணக்குல சேர்க்காத" என்பது ஒவ்வொரு கண்டுபிடிப்புடனும் வரும் இணைப்பு.

குழாய் பதியச் சுவரில் வெட்டப்படும் பள்ளமாகிய காடியில்தான் இவருடைய புலமை முழுமையாக வெளிப்படும். செங்குத்துக் காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைக் காடி ஆறில் ஒரு பங்கையும் தாண்டலாகாது என்பது கட்டுமான நெறி. அறைகளைப் பிரிக்கும் நாலரை அங்குலச் சுவரின் கனம் ஏறத்தாழ 115 மில்லிமீட்டர், அதில் ஆறிலொரு பங்கு 19 மில்லிமீட்டர்தான் என்பதால், 20 மில்லிமீட்டர் குழாயைக் கிடையாகப் பதிக்க அச்சுவரில் இடமே இல்லை. எனவே விவரமறிந்த எலக்ட்ரீஷியன் குழாயை மேலேயிருந்து சுவிட்ச் பெட்டிக்கு நேர்க்கோட்டில் இறக்குவார். பெட்டி எங்கேயோ அதற்கு நேர்மேலே குழாய் என்று பின்னாளில் எவரும் ஊகிக்கலாம் என்பது இதன் இன்னொரு நன்மை. பாயிண்ட்டுக்காரர் கணித ஆசிரியராக இருந்து தொலைத்தால் பிதாகரஸ் குறுக்கிடுவார். செங்கோண முக்கோணத்தின் கர்ணம் மற்ற இரு பக்கங்களின் கூட்டுத்தொகையைவிடக் குறைவு, ஆகவே மூலைக்கு மூலை சாய்வாக வெட்டினால் குழாய் மிச்சம் என்று சுவரிலேயே பென்சிலால் நிறுவிக் காட்டுவார். தேற்றத்தில் பிழை காண முடியாத இளம் எலக்ட்ரீஷியன், பாக்கிப் பணத்தையும் நினைத்துக்கொண்டு, சாய்வாகவே வெட்டிவிடுவார்.

மிச்சப்படுத்தும் இந்த வேட்கை சுவருக்குள் மறைவனவற்றின்மேல் மட்டுமே பாய்வது கவனிக்கத்தக்கது. வெளியே தெரியும் கண்ணாடி முகப்பு சுவிட்ச்களுக்காகப் புதுச்சேரிவரை பஸ் ஏறிச் சென்று கடை கடையாக நிறம் பார்ப்பவர், விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் என்றதும் எல்லாவற்றுக்கும் ஒன்றே போதாதா என்பார். வயர் சூடேறாமலும் சிக்காமல் இழுபடவும் குழாயின் உட்பரப்பில் ஐந்தில் மூன்று பங்கு காலியாக இருக்க வேண்டும் என்றால், காசு கொடுத்து வாங்கிய குழாயைக் காலியாக விடுவதா என்று கொதிப்பார். மின்கசிவைப் பூமிக்குக் கடத்தி உயிர்காக்கும் பச்சை நிற எர்த் வயரோ இவருக்குப் பரம விரோதி: "கரண்டே ஓடாத ஒயருக்கு எதுக்குப்பா காசு?"

நியாயமான கோரிக்கையும் இவரிடம் உண்டு. 2024 இறுதியில் பெஞ்சல் புயல் விழுப்புரம் மாவட்டத்தை வெள்ளக்காடாக்கியதை மறவாதவராகையால், பிளக்குகளை உயரத்தில் வைக்கச் சொல்வார்; உயரத்தைத் தம் முழங்காலால் அளப்பதால் அறைக்கு அறை அது மாறுவது வேறு விஷயம்.

வேலை முடிந்து வெள்ளையடித்தபின், நகைக்கடையில் இலவசமாகக் கிடைத்த தினசரி காலண்டருக்கு ஆணி அடிக்கும் கடமை எஞ்சும். சுவிட்ச் பெட்டிக்கு நேர்மேலே அடிக்கலாகாது என்று எலக்ட்ரீஷியன் எச்சரித்திருப்பதால், மிகுந்த முன்யோசனையுடன் இரண்டடி தள்ளி, கர்ணத்தின் நட்டநடுவில் அடிப்பார். ஆணி சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் ஒருங்கே துளைக்க, மிகுமின்னோட்டத்தைத் துண்டிக்கும் எம்சிபி தன் கடமையைச் செய்து விழுந்துவிடும். மெயின் போர்டு இருக்கும் திசையைக்கூடப் பாராமல், மின்நுகர்வோர் புகாருக்கென 2021-இல் தொடங்கப்பட்ட மின்னகத்தின் எண்ணைத் தேடி எடுத்து, ஏரியா முழுவதும் கரண்ட் இல்லை என்று பதிவு செய்வார். எதிர்வீட்டில் ஃபேன் ஓடுகிறதே என்று மனைவி கேட்டால், ஆணியில் காலண்டரை மாட்டியபடியே பதில் வரும்: "அது வேற ஃபேஸ்."