பரணி இயல்: ஆரியசாலை ஒயின் மரபு பற்றிய ஓர் ஆய்வு

ஐரோப்பிய நூல்களில் ஒயின் என்பது திராட்சையைப் பற்றிய சாஸ்திரம். ஆரியசாலையில் அது பாத்திரத்தைப் பற்றிய சாஸ்திரம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிப் போகும் சாலைக் கம்போளத்தை ஒட்டிய இந்தப் பகுதியில் திராட்சைக் கொடி படர்த்த முழ நிலம் கிடையாது. பன்னீர் திராட்சை, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மிதப்போடு, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறி இறங்கி வருகிறது. பட்டையும் கிராம்பும் கம்போளத்தில் நாலெட்டு வைத்தால் கிடைக்கும். ஈஸ்ட், கேக் சாமான் விற்கும் கடையில். வீட்டுக்கே சொந்தமானது பரணி ஒன்றுதான்: மேற்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெளுப்புமான பீங்கான் சாடி, பாட்டி காலத்தது, விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்தது.

முதலில் பெயர்க்குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். தமிழிலக்கியத்தில் பரணி என்பது போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரன் மேல் பாடப்படுவது. வீட்டுப் பரணிக்கு அதனோடு உறவில்லை என்று அகராதிகள் கருதும். ஆனால் ஆல்கஹால் சுமார் 14 சதவீதத்தை எட்டும்போது சாடிக்குள் ஈஸ்ட் கூண்டோடு மடிகிறது. உயிர்ச்சேதக் கணக்கில் கலிங்கத்துப் போர் இதன் பக்கத்தில் நிற்காது. பரணியைப் பரணில் வைப்பதால் அப்பெயர் வந்தது என்பாரும் உளர். பரண் இல்லாத வீடுகளில் அது கட்டிலுக்கடியில் இருப்பதை அவர்கள் விளக்குவதில்லை.

இதைவிடச் சிக்கலானது 'கலம்' என்னும் சொல். ஆரியசாலையை அடுத்த வலியசாலையே பழைய காந்தளூர்ச் சாலை என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. முதலாம் இராசராசன் அங்கே கலமறுத்தான் என்று கல்வெட்டுகள் பெருமைப்படுகின்றன. கலம் என்றால் கப்பல், அவன் கடற்படையை அழித்தான் என்பது ஒரு கட்சி. கலம் என்றால் உண்கலம், சாலையில் நடந்த சாப்பாட்டு ஏற்பாட்டில் கைவைத்தான் என்பது இன்னொரு கட்சி. இறுக மூடிய பரணி நள்ளிரவில் வெடித்ததையே அது குறிக்கும் என்ற மூன்றாம் கொள்கையை இக்கட்டுரை முன்வைக்கிறது. இதற்குக் கல்வெட்டுச் சான்று இல்லை. சுவரில் கறை உண்டு.

வெடிப்பின் காரணம் எளிது. ஒரு கிலோ சீனி முழுவதும் புளித்தால் 250 லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளிவரும். ஆகவேதான் பரணியின் வாயை மூடியால் அடைக்காமல் பழைய வேட்டித் துணியால் கட்டுகிறார்கள். துணி வாயுவை வெளியே விடும், எறும்பை உள்ளே விடாது. இதை அறியாமல் மூடியை முறுக்கியவர்கள் பிறகு வெள்ளையடிக்க ஆள் தேடுவார்கள்.

செய்முறை பற்றிய செய்திகள் யாவும் செவிவழி வந்தவை. ஏன் என்பது பின்னர் விளங்கும். ஒரு கிலோ திராட்சைக்கு முக்கால் முதல் ஒரு கிலோ சீனி, ஆறவைத்த வெந்நீர், பட்டை, கிராம்பு, ஏலம், ஒரு பிடி கோதுமை என்று கேள்வி. நாள்தோறும் மரக்கரண்டியால் ஒரே திசையில் கிளற வேண்டும் என்பார்கள். திசை மாறினால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்ததில்லை. 21 நாளில் வடிகட்டுவோர் ஒரு சாரார், 41 நாள் காப்போர் மறுசாரார். பின்னவர் கணக்கில் நவம்பர் 14இல் வாய்கட்டினால் 41ஆம் நாள் டிசம்பர் 24. வாய்கட்டிய இரண்டு மூன்று நாள் கழித்து விருச்சிகம் பிறக்கும். தெருவில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களும் அதே 41 நாள் மண்டல விரதம் தொடங்குவார்கள்.

வடித்த திரவத்துக்குத் தமிழ் விவிலியம் தந்த பெயர் திராட்சரசம். கேக்கோடு பக்கத்து வீட்டுக்குப் போகும் குப்பியை, பெயரை நம்பிச் சோற்றில் ஊற்றிக்கொள்ளாதிருக்க எச்சரிக்கை தேவை.

குடிக்கவே மாட்டோம் என்னும் வீடுகளின் அலமாரியில் திராட்சாரிஷ்டம் இருக்கும். உலர்திராட்சை, வெல்லம், பட்டை, ஏலம், இவற்றோடு புளிப்பைத் தூண்டத் தாதகிப்பூ. கம்போளத்து மருந்துக் கடைகளில் பூ தனியாகவும் கிடைக்கும். தானாக உண்டாகும் ஆல்கஹால் பொதுவாக 5 முதல் 10 சதவீதம் என்று குப்பியிலேயே அச்சிட்டிருப்பார்கள். மூலப்பொருளிலும் முறையிலும் அது ஒயினுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வேறுபாடு கோப்பைக்கும் அளவுமூடிக்கும் உள்ளது. உணவுக்குப் பின் இருவேளை என்ற ஒழுங்கை ஒயின் ரசிகர்கள் யாரும் இவ்வளவு பக்தியோடு கடைப்பிடித்ததில்லை.

ஒயின் ஆலைகளைச் சுற்றிப்பார்ப்பது ஒயின் ரசிகர்களின் பொழுதுபோக்கில் முக்கிய அங்கம். நந்தி மலைப் பக்கம் 1988இல் தொடங்கிய குரோவர், நாசிக்கில் 1999இல் தொடங்கிய சுலா ஆகியவற்றுக்குப் பயணிகள் போய்க் கோப்பையைச் சுழற்றி முகர்ந்து வருகிறார்கள். ஆரியசாலைவாசியின் ஆலைப் பயணம் மூன்று வீடு தள்ளிப் போவதோடு முடியும். பரணியின் துணியை அவிழ்த்து முகம் காட்டுவார்கள். எவர்சில்வர் தம்ளரில் இரண்டு விரல்கடை ஊற்றுவார்கள். பிரெஞ்சுக்காரர் ஈரமண், பழந்தோல், புகையிலை என்று அடுக்கும் இடத்தில் இங்கே 'கொள்ளாம்' என்ற ஒரு சொல் போதும். சுவைத்தவர் அச்சொல்லை எவ்வளவு நீட்டுகிறார் என்பதில் தரம் அடங்கியிருக்கிறது.

இனிச் சட்டம். கொல்லம் ஆண்டு 1077இல், அதாவது 1902இல் பிறந்த அப்காரிச் சட்டப்படி, உரிமமின்றி மது தயாரித்தால் 10 ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமும் உண்டு. வீட்டு ஒயினும் இதில் அடக்கம் என்று 2019 டிசம்பரில், சரியாகக் கேக் வெந்துகொண்டிருந்த நேரத்தில், கலால் துறை நினைவூட்டியது. கேரள விளைபொருளில் ஒயின் செய்யும் சிறு ஆலைகளுக்கு 2022இல் விதிகள் வந்தன. பாட்டியின் பரணி அவற்றில் இடம்பெறவில்லை. ஆகவே இத்துறையில் கள ஆய்வு வளரவில்லை. தகவல் தந்தவர் எவரும் தம் வீட்டைப் பற்றிப் பேசவில்லை. எல்லோருக்கும் எதிர்வீடுதான் ஆதாரம்.

சேகரிப்புக்கும் இங்கே வழி குறைவு. ஒயின் முதிர 12, 13 டிகிரிக் குளிர்ச்சி வேண்டும் என்பார்கள். திருவனந்தபுரத்தில் டிசம்பர் இரவிலேயே வெப்பம் 22 டிகிரிக்குக் கீழே அரிதாகத்தான் இறங்கும். விருந்தாளிகளோ வெப்பத்தைவிட வேகமானவர்கள். எனவே தேர்ந்த சேகரிப்பாளர் ஒயினை விட்டுவிட்டுக் கலத்தைச் சேர்க்கிறார். தொல்லியலும் அவர் பக்கமே. யவனர் கொண்டுவந்த மணக்கும் மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு பேசுகிறது. ஆனால் 1945இல் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோதும், 2007 முதல் கேரளத்துப் பட்டணத்தில் தோண்டியபோதும் கைக்குக் கிடைத்தது மது அல்ல, அது வந்த சாடிகளின் ஓடுகள். காலிப் பரணி வைத்திருக்க எந்தச் சட்டத்திலும் தடையில்லை.

அதுவும் நெடுநாள் காலியாக இருப்பதில்லை. கழுவி, வெயிலில் கவிழ்த்துவைத்த பரணியில் மார்ச் மாதம் உப்புமாங்காய் விழும்.