காற்றைப் பங்கிடும் முறை

குழுவாகச் சைக்கிள் ஓட்டுவது என்பது காற்றைப் பங்கிட்டுக்கொள்வது. இந்தச் சிறு நூலின் முதல் நூற்பா இதுதான். மற்றதெல்லாம் இதன் உரை. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட களம், சென்னை திருவான்மியூரில் தொடங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மரக்காணம் வரை போய்த் திரும்பும் பாதை. ஒரு வழிக்கு ஏறத்தாழ 100 கி.மீ. மேடு பள்ளம் அதிகம் இல்லாத சாலை என்பதால் ஓட்டுபவரை எதிர்ப்பது பெரும்பாலும் காற்று ஒன்றுதான். ஆகவே ஆய்வுக்கு இதைவிடத் தெளிவான களம் கிடைக்காது.

சமதளத்தில் மெதுவாக உருட்டும்போது டயரின் உராய்வே பெரிதாகத் தெரியும். வேகம் கூடக்கூடக் காற்று அதை ஓரங்கட்டிவிடும். காற்றை வெல்லத் தேவைப்படும் ஆற்றல், வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. மணிக்கு 25 கி.மீ. போகிறவர் 30-க்கு ஏற நினைத்தால் வேகம் கூடுவது 20 விழுக்காடு. காற்றுக்காகக் கால் செலவிட வேண்டிய ஆற்றலோ 70 விழுக்காட்டுக்கு மேல் கூடும். அதே 25-இல் போகும்போது மணிக்கு 15 கி.மீ. எதிர்க்காற்று அடித்தால், அமைதியான காற்றில் ஆகும் செலவைப் போல இரண்டரை மடங்கு ஆகும். பயிற்சிக்குப் புதிதாக வருபவர்கள் எதிர்க்காற்றில் மூச்சு வாங்கும்போது தங்கள் உடம்பைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். அது தேவையே இல்லை. இந்தக் கணக்கை அவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் முதுகுக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த ஓர் இடம் உண்டாகிறது. அதில் ஒண்டிக்கொள்வதைத்தான் டிராஃப்டிங் என்கிறார்கள். நன்றாக நெருங்கி ஓட்டினால் காற்றுத் தடையில் மூன்றில் ஒரு பங்கு வரைகூட மிச்சமாகும். 2018-இல் பெல்ஜிய ஆய்வாளர் பெர்ட் பிளாக்கனும் அவருடைய சகாக்களும் 121 பேர் கொண்ட பந்தயக் கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் ஆராய்ந்தார்கள். கூட்டத்தின் நடுவிலும் பின்னாலும் இருப்பவர்களில் சிலருக்குக் காற்றுத் தடை, தனியே ஓட்டும்போது இருப்பதில் 5 முதல் 10 விழுக்காடுதான் என்று கண்டார்கள். பின்னால் ஒருவர் ஒட்டி வருவதால் முன்னே போகிறவருக்கும் சிறிதளவு தடை குறைகிறது என்பது அறிந்த செய்தி. கொடுப்பவருக்கும் கொஞ்சம் திரும்பக் கிடைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல் உண்மைகளில் இது ஒன்று.

இந்தப் பங்கீட்டை விதியாக்கிய வரலாறு 1897 ஜூன் மாதத்தில் தொடங்குகிறது. இத்தாலியர் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை 230 கி.மீ. தொலைவை ஒரே பகலில் ஓட்டிக் கடந்தார்கள். அங்கிருந்து ஆடாக்ஸ் இயக்கம் பிறந்தது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிவைத்த ஹென்றி தெகிரான்ஜ் 1904-இல் அதைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். குழு மொத்தமும் ஒரே வேகத்தில் போக வேண்டும். வேகத்தைச் சாலைத் தலைவர் காப்பார். அவரை யாரும் முந்தக் கூடாது. பழைய முறையைக் காப்பவர்கள் இன்றும் மணிக்கு 22.5 கி.மீ. என்ற வேகத்தில் அப்படியே போகிறார்கள். 1921-இல் பாரிஸ் ஆடாக்ஸ் சங்கம் அவரவர் வேகத்தில் ஓட்டும் முறைக்கு மாறியது. நம் ஊரில் இன்று பிரெவே என்ற பெயரில் நடக்கும் நெடுந்தூர ஓட்டங்கள் இந்த இரண்டாம் கிளையைச் சேர்ந்தவை. 200 கி.மீ. ஓட்டத்துக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி என்பது கெடு. இந்த நான்கையும் முடித்தவர்கள்தான் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரான்சில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்துக்குப் போக முடியும். 1891-இல் பந்தயமாகத் தொடங்கிய 1,200 கி.மீ. பாதை அது.

பிரெவே அவரவர் வேகத்துக்கு உரியதாக இருக்கலாம். பயிற்சி அப்படி இருக்கக் கூடாது, பழைய முறையே பயிற்சிக்கு ஏற்றது என்பது என் முடிவு. கணக்கைப் பாருங்கள். 22.5 கி.மீ. வேகத்தில் 200 கி.மீ. தொலைவுக்கு 9 மணி நேரம்கூட ஆகாது. கெடுவில் நாலரை மணி நேரம் மிச்சம். பஞ்சர் ஒட்டலாம், டிபன் சாப்பிடலாம், புளியமர நிழலில் காலை நீட்டிப் படுக்கலாம். இவ்வளவு அவகாசம் இருக்கும்போது, கோவளம் தாண்டுவதற்குள் நான்கு பேர் பிய்த்துக்கொண்டு பறந்து, மீதிப் பேர் ஆளுக்கொரு திசையில் தனித்தனியாகக் காற்றோடு மல்லுக்கட்டுவதில் யாருக்கும் பயன் இல்லை.

இனி இந்தக் களத்துக்கே உரிய இயல். இரவில் நிலம் விரைவாகக் குளிரும், கடல் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று வீசும். வெயில் ஏறியதும் நிலம் சுட்டு, மேலே எழும் காற்றின் இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வரும். சென்னைப் பக்கம் பெரும்பாலும் முற்பகல் கடந்து நண்பகலை ஒட்டி அது நுழையும். பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்ததுதான். ஆனால் சைக்கிள் குழுவுக்கு இதில் ஒரு கொடை இருக்கிறது. தெற்கே போகும்போது கடல் இடக்கைப் பக்கம், நிலம் வலக்கைப் பக்கம். விடியற்காலை நிலக்காற்று வலப்புறமிருந்து வருகிறது. ஆகவே காற்று மறைவு முன்னவரின் இடப்பின்புறம், அதாவது சாலையின் ஓரத்தில் கிடைக்கிறது. திரும்பி வடக்கே வரும்போது கடல் வலக்கைப் பக்கம் வந்துவிடும். அப்போது எழுந்திருக்கும் கடற்காற்றும் வலப்புறமிருந்தே வருகிறது. மறைவு மறுபடியும் இடப்புறம், சாலையின் ஓரத்தில்! போகும்போதும் வரும்போதும் பின்னவர் ஒதுங்க வேண்டிய இடம், பேருந்துக்கும் காருக்கும் எதிர்ப்புறமே அமைகிறது. கிழக்குக் கரையில், இடப்பக்கப் போக்குவரத்தில், தெற்கே போய் வடக்கே திரும்புவதால் வாய்க்கும் நன்மை இது. நேரந்தவறிக் கிளம்பினால் அது கைநழுவிப் போகும். ஆறு மணிக்கு மேல் புறப்பட்டவர் கல்பாக்கம் தாண்டித் தெற்கே போய்க்கொண்டிருக்கும்போதே கடற்காற்று எழுந்துவிடக்கூடும். அப்போது காற்று இடப்புறம், மறைவு வலப்புறம், அதாவது லாரி போகும் தடத்தில். ஆகையால் நாலு மணிப் புறப்பாடும் ஒன்பது மணிக்குள் மரக்காணத்தில் திரும்புவதும் இந்தப் பாதையின் உயிர்நிலை விதி. வெயிலுக்குப் பயந்து வந்த வழக்கம் என்று நினைக்கிறார்கள். வெயில் இரண்டாவது காரணம்தான்.

பக்கக் காற்றில் நேர் பின்னால் நிற்பதால் பயன் குறைவு. முன்னவர் சாலையின் வெள்ளை ஓரக்கோட்டை ஒட்டி வலப்புறம் நிற்க வேண்டும். அடுத்தவர் அவருக்குச் சற்றே இடப்பின், மூன்றாமவர் அவருக்கும் இடப்பின் என்று சாய்வாக நிற்க வேண்டும். ஓரத்தில் மூன்று பேருக்கு மேல் இடம் கொள்ளாது. நாலாமவர் புதிய சாய்வு வரிசையைத் தொடங்க வேண்டும். முன்னவர் தன் வசதிக்காக இடது விளிம்போடு ஒட்டிப் போனால் பின்னவர்களுக்கு மணல்தான் மிஞ்சும். இந்தப் பிழையை நல்ல ஓட்டுநர்களே செய்கிறார்கள். சாய்வாக நிற்கும்போதும் பின்னவரின் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறிவிடக் கூடாது. சக்கரங்கள் உரசினால் முன்னவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, பின்னவர்தான் விழுவார். சமநிலையைக் காக்கத் திருப்ப வேண்டிய சக்கரமே மாட்டிக்கொள்வதுதான் காரணம்.

பருவத்துக்கு ஏற்ப இந்த இயல் மாறும். ஆனி, ஆடியில் மேல்காற்று வலுத்துக் கடற்காற்றைத் தாமதப்படுத்தும். போகும்போது அது நல்லது; திரும்பும்போது அதே மேல்காற்று இடப்புறமிருந்து வந்து மறைவை லாரி போகும் தடத்துக்குத் தள்ளிவிடும். பங்குனி, சித்திரையில் தெற்கிலிருந்து காற்று தூக்கலாக இருக்கும்; போகும்போது உழைத்து வரும்போது அனுபவிக்கலாம். கடினமானது ஐப்பசி, கார்த்திகை. வாடை முதுகில் தள்ளிக்கொண்டு மரக்காணத்தில் சேர்க்கும். திரும்பி வரும்போது அதே வாடை முகத்தில் அடிக்கும், களைத்த கால்களோடு 100 கி.மீ. எதிர்க்க வேண்டியிருக்கும். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது படும் நட்டத்துக்கு ஈடாகாது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 100 கி.மீ. தொலைவை 30-இல் போய் 20-இல் திரும்பினால் சராசரி 25 வராது, 24 தான் வரும். நட்டப்படும் வேகத்தில்தான் அதிக நேரம் ஓட்டுகிறோம். அந்த மாதங்களில் புதுச்சேரிக்காரர்கள் பாக்கியசாலிகள். அவர்கள் வடக்கே மாமல்லபுரம் வரை காற்றை எதிர்த்துப் போய், வாடை தள்ள வீடு திரும்புவார்கள்.

முறை மாற்றம் பற்றிச் சொல்லாமல் பங்கீடு முழுமையாகாது. முன்னே நிற்பவர் சில நிமிடங்களில் ஒதுங்கி வழிவிட்டு, வரிசையின் கடைசியில் போய்ச் சேர வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவு நேரம் என்பது நியாயம் போலத் தோன்றும், அல்ல. வலியவர் நெடுநேரம் நிற்கட்டும், எளியவர் அரை நிமிடம் நின்றால் போதும், முடியாதவர் நிற்கவே வேண்டாம். வலியவர் செய்யக் கூடாதது ஒன்றுதான்: முன்னே வந்ததும் வேகத்தைக் கூட்டுவது. அவர் 25-ஐ 30 ஆக்கும் கணத்தில், அதுவரை மறைவில் இளைப்பாறிக்கொண்டிருந்த கடைசி ஆள் அறுந்து போகிறார். அறுந்தவர் தனியாள், தனியாளுக்குக் காற்று முழுவதும் சொந்தம். ஐம்பத்தைந்து வயதில் முதன்முறையாக 200 கி.மீ. முயலும் ஒருவரை அப்படி நடுவழியில் விட்டுவிட்டுப் போகும் வேகத்தின் மேல் எனக்கு மரியாதை கிடையாது. பலம் என்பது எத்தனை நிமிடம் முன்னே நின்றார் என்பதில் இருக்கிறது. அதே வேகத்தில் நின்றிருந்தால் அந்த மனிதர் மரக்காணம் பார்த்திருப்பார்.

வேகத்தடையிலும் இதே சிக்கல்தான். முன்னவர் தடையில் தணிந்து, தாண்டியதும் உடனே மிதித்தால், கடைசி ஆள் இன்னும் தடைக்கு அந்தப் பக்கம் இருப்பார். இடைவெளியை அடைக்க அவர் ஓடிப் பிடிக்க வேண்டும். ஊருக்கு ஊர் வேகத்தடையும் போலீஸ் தடுப்பும் உள்ள இந்தச் சாலையில் கடைசி ஆள் நாள் முழுக்கப் பந்தயம் ஓட்டியவர் ஆகிவிடுவார். “எல்லாரும் தாண்டியாச்சு” என்ற குரல் பின்னாலிருந்து வரும்வரை முன்னவர் சும்மா உருட்ட வேண்டும். குரல்கள் சுருக்கமாக இருக்கட்டும்: “பள்ளம்”, “மணல்”, “மாடு”, “பின்னால வண்டி”. முன்னிருந்து வரும் எச்சரிக்கையை ஒவ்வொருவரும் பின்னவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். மறைவில் இருப்பவருக்கு முன்னவரின் முதுகு தவிர வேறு எதுவும் தெரியாது.

பாதையில் கவனம் கோரும் இடங்கள் மூன்று. முட்டுக்காடு பாலத்தில் ஒருபுறம் உப்பங்கழி, மறுபுறம் முகத்துவாரம். மரமோ சுவரோ இல்லாததால் காற்று திடீரென்று தள்ளும். பாலத்துக்கு முன்பே இடைவெளியைக் கூட்டிவிட வேண்டும். கல்பாக்கத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்புகள் காற்றை வடிகட்டித் தரும். தோப்பு முடியும் இடத்தில் முட்டுக்காட்டில் நடந்தது மறுபடி நடக்கும். மூன்றாவது மரக்காணம் உப்பளம். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்திகள், தடுக்க எதுவும் இல்லை. உப்பு விளைவதற்கு வெயிலோடு காற்றும் வேண்டும் என்பதால், உப்பளம் இருக்கும் இடத்தில் காற்று இருக்கும் என்று வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

உணவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வியர்வையில் போவது உப்பு. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஆகவே இளநீரை மட்டும் நம்பக் கூடாது, உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ கூட வேண்டும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆளைச் சாய்க்கும். இட்லி நல்லது. நெய் மிதக்கும் பொங்கல் வயிற்றில் நெடுநேரம் தங்கும் என்பதால் திரும்பி வந்த பிறகு சாப்பிட வேண்டியது. வாழைப்பழமும் கடலை மிட்டாயும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

இந்த வழிக்கு வழிகாட்டி நூல் புதிதல்ல. சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். கடப்பாக்கத்தை ஒட்டிய இடைக்கழிநாடு வழியாகத்தான் குழு போகிறது. அந்தப் பாட்டில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமாக இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. போய்வந்த பாணன், போகப்போகும் பாணனுக்கு எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்கிறான்: எயிற்பட்டினத்தில் சுட்ட மீன், ஆமூரில் நண்டுக் கறியோடு சோறு. முன்னே போனவர் பின்னே வருபவருக்குப் பாதையை எளிதாக்குவதையே ஓர் இலக்கிய வகையாக வைத்திருந்த மொழி நம்முடையது. குழுத் தலைவராக இருப்பவர் இதை ஒருமுறை படித்துவிட்டு வந்தால் நல்லது.

கடைசியாக, வரிசையின் வால். அங்கே அனுபவமுள்ள ஒருவர் நிரந்தரமாக இருக்க வேண்டும். பம்பும் மாற்று டியூபும் அவரிடம் இருக்க வேண்டும். அவரை யாரும் பின்னால் விடக் கூடாது. திரும்பும் வழியில் உத்தண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் கட்டடங்கள் காற்றை மறித்துவிடும், வண்டி நெரிசலும் கூடிவிடும். அக்கரையில் வரிசையைக் கலைத்துவிட வேண்டும். அங்கிருந்து அவரவர் பிரேக்கை அவரவர் பார்த்துக்கொண்டு தனித்தனியாகத் திருவான்மியூர் வரலாம். வால் ஆள் வந்து சேரும்வரை தலைவர் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.