எர்ரகட்டாவுக்கும் அமீர்பேட்டைக்கும் நடுவே

ஹைதராபாத்தில் ஒருவரைப் பார்த்து ‘எர்ரகட்டா’ என்றால் போதும். நம் ஊரில் ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொன்ன பலன் கிடைத்துவிடும். அரசு மனநல மருத்துவமனை அங்கேதான். அங்கிருந்து மெட்ரோவில் மூன்றாவது ஸ்டேஷன் அமீர்பேட்டை. ஜாவா, பைத்தான் என்று கம்ப்யூட்டருக்குப் புரியும் பாஷையெல்லாம் கற்றுத்தரும் பேட்டை.

மனிதர் பாஷைக்கு இருக்கிறார், இரண்டுக்கும் நடுவே, பயிற்சி உளவியலாளர் ஒருவர். அவருடைய அறிமுகக் குறிப்பைப் படியுங்கள். பள்ளியிலேயே மொத்த வகுப்பும் இவர் தோளில்தான் சாய்ந்து அழுததாம். சிகிச்சை முறை? அடியில் ஃபிராய்டு, நடுவில் கார்ல் ரோஜர்ஸ், மேலே சிபிடி என்னும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. கூடவே ‘யாரையும் எடைபோடாத பாதுகாப்பான வெளி’. அந்த ஊர் பிரியாணியில்கூட இத்தனை அடுக்கு கிடையாது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்கு இந்த ரசனையெல்லாம் இல்லை. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்ள, இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற படிப்பு வேண்டும் என்கிறது; எம்.ஃபில். வழியென்றால் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் இரண்டு வருட முழுநேரப் படிப்பு. வகுப்புத் தோழர்கள் அழுத வருடங்கள் அந்தக் கணக்கில் வராது.

ஆகவே, கண்ணீரைத் துடைக்க டிஷ்யூ நீட்டும் முன்பே, மேற்பார்வையாளர் யார், அவருடைய பதிவு எண் என்ன என்று கேட்டுவிடுங்கள். யாரையும் எடைபோடாதவர்தானே, கோபித்துக்கொள்ள மாட்டார்.