சிங்கம் எப்ப வரும்?

எங்கள் வீட்டில் வெளியே கிளம்புவதென்றால் திட்டம் போடுவதும் நான்தான், திட்டு வாங்குவதும் நான்தான். போன மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு ஊரப்பாக்கத்தில் மின்சார ரயில் ஏறினோம். மனைவி, ஆறு வயது மகள், மாமியார், நான், என் கையில் பத்துப் பேர் சாப்பிடும் அளவுக்குப் புளியோதரைத் தூக்கு. காலையில் எழும்பூர் மியூசியம், சாயங்காலம் சென்ட்ரல் பக்கத்து மைதானத்தில் சர்க்கஸ்.

"சர்க்கஸ்ல சிங்கம் இருக்குமாப்பா?"

"பின்னே? சிங்கம் இல்லாம சர்க்கஸா?"

சின்ன வயதில் நான் பார்த்த சிங்கம் நெருப்பு வளையத்துக்குள் பாய்ந்தது. அன்றைக்கு அப்பாவின் வேட்டிக்குள் நான் பாய்ந்ததை மகளிடம் சொல்லவில்லை.

மியூசியம் கேட் பூட்டியிருந்தது. "வெள்ளிக்கிழமை லீவு சார்" என்றார் வாட்ச்மேன். வாரா வாரம் என்னைப் போல ஒருவனையாவது பார்த்துப் பழகியவர் போலிருக்கிறது, குரலில் கோபமே இல்லை. மனைவியும் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமலிருந்தால் அடுத்த தெரு வரை கேட்கும்.

எப்படியாவது சமாளிக்க வேண்டுமே. கேட் கம்பியைப் பிடித்தபடியே சரித்திரத்தை எடுத்துவிட்டேன். 1851-ல் ஆரம்பித்த மியூசியம். பொறுப்பிலிருந்தவர் எட்வர்டு பால்ஃபோர் என்ற வெள்ளைக்கார டாக்டர். உயிரோடு புலி இருக்கிறதென்றால் ஜனம் எப்படி அலைமோதுகிறது என்று பார்த்த மனுஷன், 1855-ல் ஒரு மிருகக்காட்சிசாலையே தொடங்கிவிட்டார். அது பிற்பாடு சென்ட்ரல் பக்கம் போய், 1985-ல் நம்ம வண்டலூருக்கே வந்துவிட்டது.

"மாப்பிள்ளைக்கு எவ்வளவு விஷயம் தெரிஞ்சிருக்கு!" என்றார் மாமியார்.

"எந்தக் கிழமை லீவுங்கறதைத் தவிர" என்றாள் மனைவி.

மியூசியம் போனால் மெரினா. மே மாத உச்சி வெயிலில் அந்த மணலில் நடந்தவர்கள் தீமிதிக்கென்று தனியாக விரதம் இருக்கத் தேவையில்லை. பாதிப் புளியோதரை காக்கைக்குப் போயிற்று. அதுவும் ஒரு வாய் கொத்திவிட்டுத் தண்ணீர் தேடிப் பறந்தது.

நாலு மணிக்குச் சர்க்கஸ். குறை சொல்லக் கூடாது, உச்சியில் ஊஞ்சல் விட்டு ஊஞ்சல் பறந்தவர்கள் பிரமாதம். மாமியார் "பிடி, பிடி!" என்று அலறிக்கொண்டு என் கையைப் பிடித்ததில் விரல் இரண்டு மரத்துப்போனது. ஆனால் மகளுக்கு அதெல்லாம் கணக்கிலேயே இல்லை.

"சிங்கம் எப்ப வரும்?"

"அடுத்தது அதான்."

அடுத்ததாக நாய் வந்து கூட்டல் கணக்குப் போட்டது. அதற்கடுத்து இரும்பு உருண்டைக்குள் மோட்டார் பைக். அதற்கடுத்து பபூன். இப்படியே இரண்டு மணி நேரம் சிங்கத்தை வரவழைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பாப்கார்ன் விற்றவருக்கே மனசு கேட்கவில்லை. சிங்கம், புலி, கரடி, குரங்கு எதையும் வித்தை காட்டவிடக் கூடாதென்று 1998-லேயே அரசாங்கம் உத்தரவு போட்டாயிற்றாம். "பேப்பர் படிக்கிறதில்லையா சார்?" கால் நூற்றாண்டாகப் பேப்பர் வாங்குகிறவன் நான். பழைய பேப்பர்காரருக்கு எடை குறையாமல் போட்டிருக்கிறேன்.

"அந்தச் சிங்கமெல்லாம் எங்க போச்சு?" என்றாள் மகள்.

"வண்டலூர்ல கொண்டுபோய்க்கூட விட்டாங்க பாப்பா."

வண்டலூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். காலையில் அதைத் தாண்டித்தான் 30 கிலோமீட்டர் சொச்சம் வந்திருந்தோம். மனைவி மறுபடியும் பேசவில்லை. இந்தத் தடவை பாண்டு வாத்தியத்தையும் மீறிக் கேட்டது.

பார்க் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். மகள் மடியில், தூக்கு தோளில்.

"விடு கண்ணு, செவ்வாய்க்கிழமை அப்பா இன்னொரு லீவு போடறேன். வண்டலூர் போய் நிஜச் சிங்கமே பார்க்கலாம்."

எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"செவ்வாய்க்கிழமை ஜூ லீவு சார்."