கிள்ளானில் கப்பலேறுவோர் கவனத்திற்கு

உல்லாசக் கப்பல் என்பது, ஒரு ஹோட்டலைத் தூக்கிக் கடலில் வைத்து, விருந்தினர் கணக்கைத் தீர்க்காமல் ஓடிவிடாதபடி நாலாபக்கமும் தண்ணீரால் வேலி போட்ட ஏற்பாடு. கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழருக்குக் கப்பல் புதிதன்று. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ சென்னை, நாகப்பட்டினம் வழியாக ஏற்றிவந்த தாத்தா பாட்டிகளில் பலர் கால் வைத்த துறைமுகம் இதுதான். அப்போது அதன் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். போர்ட் கிள்ளான் என்று ஆனது 1972-இல். ரஜுலாவின் அளவு ஒன்பதாயிரம் டன்னுக்கும் குறைவு. இக்காலத்தில் இப்பக்கம் வந்துபோகும் ‘கெந்திங் டிரீம்’ ஒன்றரை லட்சம் டன். சிக்கல் என்னவென்றால், குடும்பத்தார் ஏறுவது கெந்திங் டிரீமில். மூட்டை கட்டுவதோ ரஜுலாவுக்கு.

முதலில் கடப்பிதழ். பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். டிக்கெட்டில் உள்ள பெயர் கடப்பிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். மலேசியத் தமிழர் பெயர்களின் நடுவே நிற்கும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பவற்றின் சாய்கோட்டைப் பல முன்பதிவுக் கணினிகள் ஏற்பதில்லை. தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வதும் அவற்றின் வழக்கம். ஆகவே பயணம் முழுவதும் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். அப்பாவும் வந்திருக்கிறாரோ என்று தேடக் கூடாது.

அடுத்தது பெட்டி. சோற்றுப் பானை, மின்கெண்டி, இஸ்திரிப் பெட்டி ஆகிய மூன்றும் கப்பலில் தடை. நடுக்கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது என்பதே காரணம். சோதனையில் இவை பிடிபட்டால், இறங்கும் நாளில்தான் கைக்கு வரும். வீட்டில் கிளறிய புளிச்சோற்றுக்கும் நெத்திலிச் சம்பாலுக்கும் பொதுவாக அனுமதி இல்லை. ஜாலான் தெங்கு கிளானாவில் வாங்கிய முறுக்கு, பிரிக்காத பொட்டலமாக இருந்தால் பெரும்பாலும் தப்பிவிடும். ஏறுவதற்கு முன்பே பிரித்துவிடும் மாமாவிடம் அதைக் கொடுத்துவைக்கக் கூடாது. பெரிய பெட்டிகளை முனையத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். கடப்பிதழும் மாத்திரைகளும் கைப்பையில் இருக்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை பெரிய பெட்டியோடு போய்விட்டால், இரத்த அழுத்தம் ஏற அதுவே போதும்.

துறைமுகத்துக்குப் போகும் வழியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு கேஎல் சென்ட்ரல் கூப்பிடு தூரம். அங்கிருந்து கொமியூட்டர் ரயில் நேராக ‘பெலாபுஹான் கிள்ளான்’ நிலையத்துக்குப் போகிறது. பெயரில் துறைமுகம் இருக்கிறது, பக்கத்தில் கடலும் இருக்கிறது. உல்லாசக் கப்பல் மட்டும் இல்லை. அங்குள்ள படகுத்துறையிலிருந்து புறப்படுவது பூலாவ் கெத்தாம், அதாவது நண்டுத் தீவுக்குப் போகும் படகு. உல்லாசக் கப்பல் முனையம் இருப்பது பாலம் கடந்து போக வேண்டிய பூலாவ் இண்டாவில். அங்கே பயணிகள் ரயில் கிடையாது, காடிதான். தவறிப்போனவர்களுக்கு நண்டு சுவையாகவே இருக்கும். ஆனால் டிக்கெட் பணம் திரும்பி வராது.

கப்பலேறியதும் எல்லாரும் பசியாறக் கிளம்புவார்கள். அதற்கு முன்போ பின்போ, பாதுகாப்புப் பயிற்சிக்குக் கட்டாயம் போக வேண்டும். 1912-இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914-இல் கடல் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒப்பந்தம் உருவானது. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தனர். அன்று ஏறியவர்களில் பலருக்குப் பயிற்சி நடந்திருக்கவில்லை. அதன் பிறகே, புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடக்க வேண்டும் என்று விதி இறுகியது. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் அபாய அறிவிப்பு. அது விருந்துக்கு அழைக்கும் மணி அன்று.

தலைசுற்றலுக்கு அஞ்சுவோர், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுப்பது நல்லது. அங்கேதான் ஆட்டம் குறைவு. சுமத்ரா ஒரு பக்கம் தடுத்து நிற்பதால், மலாக்கா நீரிணை பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். இவ்வழியில் வரும் வாந்தியில் ஒரு பகுதிக்குக் கடல் காரணம். மறுபகுதிக்கு பஃபே காரணம். முதலாவதற்கு இஞ்சி உதவும். சைவ உணவு வேண்டுவோர் முன்பதிவின்போதே சொல்லிவைக்க வேண்டும்.

புக்கெட் போன்ற துறைகளில் இறங்குவோர் கடிகாரத்தைக் கவனிக்க வேண்டும். தாய்லாந்து, மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் வைத்திருக்க, கைப்பேசி மட்டும் தானாக மாறிக்கொண்டால், கப்பல் ஐந்து மணிக்குக் கதவடைக்கும்போது கைப்பேசி நான்கு என்று காட்டும். இன்னும் ஒரு மணி நேரம் இருப்பதாகப் பேரம் பேசிக்கொண்டிருக்கும் அத்தை, வாங்கிய பையோடு கரையில் நின்று கையசைக்க நேரிடும். கப்பல் பேருந்து அன்று. தட்டி நிறுத்த முடியாது.

கைப்பேசியால் இன்னோர் ஆபத்தும் உண்டு. கரை மறைந்ததும் அது கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பற்றிக்கொள்ளும். வழக்கமான வெளிநாட்டுச் சந்தாக்களில் இது பெரும்பாலும் அடங்காது. விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுவதே உத்தமம். ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்க வரும் அழைப்பின் செலவு, சாப்பாட்டின் செலவை மிஞ்சக்கூடும்.

ஏறும்போது தரும் அட்டை, அறைக் கதவையும் திறக்கும், பணப்பையையும் திறக்கும். பல கப்பல்களில் சேவைக் கட்டணம் ஆளுக்கு, இரவுக்கு என்று தனியாகச் சேரும். கடைசி நாள் வரை காத்திராமல் தினமும் கணக்கைப் பார்த்துவிடுவது நெஞ்சுக்கு நல்லது.

ரஜுலாவிலிருந்து இறங்கியவர்கள் பலர், ஒரே ஒரு தகரப் பெட்டியோடு வந்து இங்கே ஓர் ஆயுள் முழுக்கக் குடித்தனம் நடத்தினார்கள். மூன்று இரவுக்கு ஆளுக்கொரு சின்னப் பெட்டி போதும்.