நாய்க் கட்டத்தில் பால்

மேடிசன், விஸ்கான்சின்
புதன் இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

பையனுக்கு அமெரிக்காவில் என்ன வேலை என்று பால் சொசைட்டி செக்ரட்டரி கேட்டதற்கு, "கம்ப்யூட்டர்" என்று சொல்லி வைத்ததாகப் போனில் சொன்னீர்கள். அதையே சொல்லிக்கொண்டிருங்கள். பிசினஸ் அனலிஸ்ட் என்று விளக்கப் புகுந்தால், வரிசையில் நிற்பவர்களின் பால் திரிந்துபோகும்.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். கம்பெனி நடத்தத் தெரிந்தவர்களுக்கே கம்பெனி நடத்துவது எப்படி என்று யோசனை சொல்வது எங்கள் தொழில். அந்த யோசனைக்குக் கணக்குப் போட்டுப் படம் வரைகிற கடைக்குட்டி நான். திங்கள் விடியற்காலை 5 மணிக்குச் சிகாகோவில் காரெடுத்தால் இரண்டரை மணி நேரத்தில் இங்கே. மூன்று ராத்திரி ஹோட்டல், வியாழன் இரவு திரும்பல். எந்த மணி யாருக்காக உழைத்தேன் என்று வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுக்க வேண்டும். போன வாரம் தூக்கக் கலக்கத்தில், வீட்டுக் கதவில் ஹோட்டல் சாவி அட்டையைத் தேய்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு அம்மாள் போலீசைக் கூப்பிடாதது அவர் பெருந்தன்மை.

இந்த முறை வாய்த்த கிளையண்ட் ஒரு பால் கூட்டுறவுச் சங்கம். சிரிக்காதீர்கள். சாணி அள்ளச் சொன்னால் பரீட்சை இருக்கிறது என்று ஓடியவனை, ஆண்டவன் கடல் தாண்டிக் கூட்டிவந்து மாட்டோடு கட்டியிருக்கிறான். இந்த மாநிலத்துக் கார்களின் நம்பர் பிளேட்டிலேயே 'பால் நாடு' என்று எழுதியிருக்கும். கறக்கிற பாலில் 100க்கு 90 லிட்டர் சீஸாகப் போகிறது.

எங்கள் தொழிலில் ஒரு கட்டம் உண்டு. ஜாதகத்துக்குப் பன்னிரண்டு அறை, இதற்கு நாலே. 1970இல் பாஸ்டனில் புரூஸ் ஹெண்டர்சன் என்ற ஆலோசகர் போட்டுக் கொடுத்தது. சந்தையும் வளர்ந்து நம் பங்கும் பெரிதானால் நட்சத்திரம். சந்தை வளர்ந்து நம் பங்கு சொற்பமானால் கேள்விக்குறி. பங்கு பெரிது, வளர்ச்சி இல்லை என்றால் பசு: தீனி கம்மி, கறவை ஜாஸ்தி. (மாடு வைத்திருக்கிற யாரும் பசுவுக்கு இப்படி இலக்கணம் எழுதமாட்டார்கள்.) இரண்டுமே இல்லாவிட்டால் நாய். விற்றுவிட வேண்டியதுதான்.

சங்கத்துச் சரக்கையெல்லாம் கட்டத்தில் அடைத்தேன். சீஸ், பசு. தயிர், கேள்விக்குறி. குடிக்கிற பால்? அமெரிக்கர்கள் பால் குடிப்பது பல வருஷமாகக் குறைந்துகொண்டே வருகிறது. இவர்கள் பங்கும் சொற்பம். எக்செல் கூசாமல் சொன்னது: பால், நாய்.

ராத்திரி 11 மணிக்கு மேனேஜர் பார்த்தார். பால் நாயானதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. நாய்ப் படம் பசுப் படத்தைவிட ஒரு நூல் இறங்கியிருக்கிறதாம். ஏற்றினேன். பசு ரொம்பப் பெரிசு என்றார். சுருக்கினேன். இப்போது கன்றுக்குட்டி மாதிரி இருக்கிறதாம். ஒரு மணி வரை இரண்டையும் மவுசால் மேய்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை ஸ்லைடைக் காட்டினோம். டைரக்டர்களில் ஒரு பெரியவர், நாற்பது வருஷமாகப் பண்ணை வைத்திருப்பவர், கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். "சீஸ் பசு என்கிறாய், பால் நாய் என்கிறாய். சீஸை எதில் செய்கிறோம் என்று நினைத்தாய்?" என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். படம் போட்டவன் நான்தானே.

ஆனால் அந்தப் பெரியவரே மத்தியானம் தன் தொழுவத்துக்குக் கூட்டிப்போனார். எல்லாம் மிஷின் கறவை. ஓரத்தில் நின்ற ஒரு மாடு காலை உதைத்துக்கொண்டே இருந்தது. மடியைத் தொட்டேன், சூடாக இருந்தது. மடிநோய் என்றேன். தொட்டுப் பார்த்துவிட்டு உடனே டாக்டருக்குப் போன் போட்டார். இந்த இரண்டு மாதத்தில் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் இவர்கள் கேட்டது இந்த ஒன்றைத்தான். இதை மட்டும் செக்ரட்டரியிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

இப்போது பனிக்காலம். இங்கே சாயங்காலம் 5.30 என்றால் அங்கே நீங்கள் வாளியோடு இறங்குகிற நேரம். மீட்டிங்கில் அந்த நேரத்துக்குச் சர் சர்ரென்று பால் பீச்சும் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் காபி மிஷின்.

தரகர் வந்து செவலையை விலை கேட்டதாகச் சொன்னீர்கள். கறவை நின்று ஒரு வருஷமாயிற்று, தீனிக்குத் தண்டம். என் கட்டமும் அதைத்தான் சொல்லும். அதனால்தான் செவலையைக் கட்டத்தில் போடவில்லை. தீனிக் காசை மாதா மாதம் நான் அனுப்புகிறேன். தரகர் கையில் கயிற்றைக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள்
சின்னவன்