பூட்டன் எந்தக் கட்டத்தில்?

மட்டக்களப்பில் பூட்டனைத் தேடிப் புறப்படுகிறவர்கள் எப்படியும் ஒருநாள் பழைய குடிசன மதிப்பு அறிக்கைகளைப் புரட்டுவார்கள். அங்கே பூட்டன் இருக்கமாட்டார். அவர் பெயரை அச்சிட்டு அரசாங்கத்துக்கு என்ன ஆகப்போகிறது? அவரை ஒரு கட்டத்துக்குள் போட்டு, கூட்டி, அடியில் கோடு கீறிவிட்டார்கள். அந்தக் கட்டமோ பத்து வருடத்துக்கு ஒருதரம் குணம் மாறும்.

1871 மார்ச் 27. இலங்கை முழுவதற்கும் ஒழுங்காக நடந்த முதல் கணக்கெடுப்பு. மொத்தம் 24 லட்சம் பேர். அந்தக் கூட்டத்துக்குள் 24 இனங்களையும் 78 தேசியங்களையும் துரைமார் கண்டுபிடித்தார்கள். கூட்டிக் கூட்டியே களைத்துப்போனார்களோ என்னவோ, 1881இல் ஐரோப்பியர், சிங்களவர், தமிழர், சோனகர், மலாயர், வேடர், ‘ஏனையோர்’ என்று ஏழே ஏழு கட்டங்கள்! ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் பதினேழு இனங்கள் காலி.

1901இல் கணக்கெடுப்புப் பொறுப்பு பொன்னம்பலம் அருணாசலத்திடம் வந்தது. அடுத்து 1911இல் வந்த டென்ஹாம் துரை தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டாகப் பிரித்து எழுதினார். சோனகரையும் அப்படியே.

அதிகம் அலைக்கழிந்தவர்கள் வேடர்தான். வாகரைக் கரையில் தமிழ் பேசிக்கொண்டு மீன் பிடிக்கிறவரை எந்தக் கட்டத்தில் போடுவது? எழுதுகிறவரின் அன்றைய மனநிலைதான் சட்டம். நாடு முழுவதும் 1881இல் ஏறக்குறைய 2,200 வேடர், 1901இல் 4,000, 1946இல் 2,400, 1953இல் 800. இவ்வளவு வேகமாகப் பிறக்கவும் இறக்கவும் மனிதரால் முடியாது, பேனாவால்தான் முடியும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வளவுக்குள் விதானையார் படிவத்தோடு நுழைந்தால் என்ன நடந்திருக்கும்?

“ஆச்சி, வீட்டுத் தலைவர் ஆர்?”

“வீடு என்ட சீதனம். அந்தா திண்ணையில இருக்கிறவர் கலியாணம் முடிச்சு வந்தவர்.”

“அப்ப அவர்தான் தலைவர்.”

“வந்தவர் எப்பிடித் தம்பி தலைவராவார்?”

“சரி, அவர் என்ன ஆக்கள்?”

“உலகிப்போடி குடி.”

“அதுக்குக் கட்டமில்ல ஆச்சி. பிள்ளையள்?”

“பிள்ளையள் என்ட குடி. வயித்துவார் தெரியாதா உனக்கு?”

விதானையாருக்குத் தெரியும், அவரும் ஒரு வயிற்றுவாரில் வந்தவர்தானே. படிவத்துக்குத்தான் தெரியாது. தாய்வழியாகக் குடி எண்ணும் ஊருக்கு, ஆண்பிள்ளையைத் தலைவராக்கும் தாளைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. துரைமார் தனித்தனிக் கட்டத்தில் அடைத்த தமிழரும் சோனகரும் இந்த வாவிக்கரையில் ஒரே முறையில்தான் குடி பார்த்தார்கள். கோயிலில் குடிகளின் சார்பில் வண்ணக்கர், பள்ளிவாசலில் குடிகளின் சார்பில் மரைக்காயர். இரண்டு பக்கமும் வீடு மகளுக்கு. இதைக் காட்ட ஓர் அட்டவணையும் போடப்படவில்லை.

போதாக்குறைக்கு, 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. கல்முனைப் பூட்டன் வாழ்ந்ததெல்லாம் மட்டக்களப்புக் கணக்கில். அவருடைய பேரன், அதே வளவில் இருந்தபடி, அம்பாறைக் கணக்கில்.

ஆகவே, பூட்டனை எந்தக் கட்டத்தில் போட்டார்கள் என்று அறிய அறிக்கைக்குப் போங்கள். அவர் யார் என்று அறிய, திருவிழா நாளில் கொக்கட்டிச்சோலைக் கோயில் வீதியில் வெற்றிலை மெல்லும் ஒரு கிழவியிடம் போங்கள். ஒன்று மட்டும்: நீங்கள் பூட்டனைக் கேட்பீர்கள், அவர் பூட்டியைத்தான் சொல்வார்.